கழுத்தில் இருந்த பள்ளிக்கூடம்

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த நூலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். பேசியது ஓர் இளம்பெண். நான் ஓய்வு பெற்றபோது அவர் பாலர் வகுப்பில் இருந்திருப்பார். பழைய ஒலிநாடாக்களை எல்லாம் கணினிக்கு மாற்றுகிறார்களாம். கிரேக்க மூதாட்டி ஒருவரின் பதிவில் யாரோ ஓர் ஆண் இடைக்கிடை "ம்... ம்..." என்கிறாராம். அந்த ஆள் யார், அந்தச் சத்தத்தைத் துடைத்துவிடலாமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அந்த ஆள் நான்தான் என்றேன். மறுமுனையில் பிள்ளை சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. காதால் பிழைத்தவனுக்கு அது கேட்காமல் இருக்குமா?

துடைக்க வேண்டாம், காரணத்தை எழுதித் தருகிறேன் என்றேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எல்லாம் விண்ணப்பக் கடிதம் போலவே வருகிறது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். மகள் மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும். அப்பா இத்தனை வருடம் என்ன வேலைக்குப் போனார் என்று அவளும் ஒருமுறை அறிந்துகொள்ளட்டும்.

நான் தொழில் படித்தது கொழும்பில், வானொலி திருத்தும் கடை ஒன்றில். முதலாளி சிங்களவர். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் சிங்களவர். பேசிப் பேசியே அந்த மொழி என் வாயில் ஒட்டிக்கொண்டது. கனவுகூடச் சில நாட்களில் சிங்களத்தில் வந்திருக்கிறது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் தமிழருக்கு எதிராக எழுந்த கலவரத்தோடு கடையும் எரிந்து போயிற்று, கனவும் போயிற்று. லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் நின்றேன், சாமான் கிடங்கில் பெட்டி தூக்கினேன். பிறகு வட லண்டனில் ஒரு கவுன்சில் நூலகம் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அந்தப் பகுதியில் வாழும் பல நாட்டு முதியவர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிந்து வைப்பது நோக்கம். கருவிகளைப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் குடியிருந்த கோலியர்ஸ் வூட்டிலிருந்து ரயிலேறி நேர்முகத்துக்குப் போனேன். மேசையில் ஒரு ரெக்கோடர் இருந்தது. இதற்கு என்ன வருத்தம் என்று கேட்டார் ஒரு வெள்ளைக்கார அம்மா. திறந்து பார்த்து, திருத்தி, மூடிக் கொடுத்தேன். வேறு கேள்வி அவர் கேட்கவில்லை.

அவர்தான் திருமதி ஹார்டிங், எங்கள் பிரிவின் தலைவர். முன்பு வானொலியில் வேலை செய்தவர். மெலிந்த உருவம், எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பதிந்து கொண்டுவரும் ஒவ்வொரு நாடாவையும் முதலில் அவர் கேட்பார். கேட்கும்போது கண்ணை மூடி, இரண்டு கைகளையும் மேசையில் கவிழ்த்து வைத்திருப்பார். முடிந்ததும் ஒரு பென்சிலை எடுத்து நிதானமாகச் சீவுவார். பென்சில் சீவி முடியும்வரை தீர்ப்பு வராது. ஒருநாளும் அவர் ஏசியது இல்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிழை நடந்த இடத்துக்கு நாடாவைத் திருப்பி, மறுபடி ஓடவிட்டு, நம் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

ஒருவர் வீட்டுக்குப் பதிவுக்குப் போனால் செய்ய வேண்டியவற்றை அவர்தான் எனக்குப் படிப்பித்தார். முதலில் பேசக்கூடாது, அறையைக் கேட்க வேண்டும். சுவர்க் கடிகாரம் இருந்தால் வீட்டுக்காரரின் அனுமதியோடு கழற்றி அடுத்த அறையில் வைக்க வேண்டும். தேநீர்க் கோப்பைகளுக்குக் கீழே துணி விரிக்க வேண்டும். கிறீச்சிடாத கதிரையாகப் பார்த்துப் பேசுகிறவரை இருத்த வேண்டும். ஃபிரிட்ஜ் உறுமும் என்பதால் அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, நம் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும். அப்போதுதான் போகும்போது சாவியைத் தேடி ஃபிரிட்ஜைத் திறந்து, மறக்காமல் மீண்டும் போட்டுவிட்டு வருவோம். இல்லாவிட்டால் வரலாறு நமக்குக் கிடைக்கும், அந்த வீட்டுப் பால் திரைந்துபோகும். மைக்கைப் பேசுகிறவரின் நாடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். பேச்சுத் தொடங்குமுன் அறையின் வெறும் அமைதியைக் கொஞ்சம் பதிய வேண்டும். முடிந்ததும், யாரும் தவறி மேலே பதிந்துவிடாதபடி, நாடாப் பெட்டியின் முதுகில் உள்ள சின்னத் தகட்டை உடைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. கேள்வியைத் தவிர, கேட்கிறவரின் வேறு சத்தம் நாடாவில் விழவே கூடாது. "ஆம்", "அப்படியா", "ஐயோ" ஒன்றும் கூடாது. தலையை ஆட்டலாம், கண்ணால் சிரிக்கலாம். நாடா பேசுகிறவருக்குச் சொந்தம், நமக்கு அதில் இடமில்லை என்பார் திருமதி ஹார்டிங்.

இந்தச் சட்டம் என் வீட்டில்தான் முதலில் குழப்பம் விளைவித்தது. வேலையால் வந்து சாப்பிட உட்கார்ந்தால் மனைவி சரோஜா அன்றைய கதையைச் சொல்வாள். நான் பழக்கதோஷத்தில் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவேன். அவளோ அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கறியைத் துழாவிக்கொண்டு பேசுகிறவள். என் தலை ஆடுவது அவளுக்கு எப்படித் தெரியும்?

"நான் என்ன சுவரோடையே கதைக்கிறன்? ஒரு ம் சொன்னால் உங்கடை வாய் தேஞ்சு போயிடுமே?"

அது சட்டம் என்று விளக்கப் பார்த்தேன். அந்தச் சட்டத்தைப் போட்டவ புருசனோடை எப்படிக் குடும்பம் நடத்திறா என்று கேட்டாள். திருமதி ஹார்டிங் விதவை என்பதை நான் சொல்லவில்லை.

இனி அந்தக் கிரேக்க அம்மாவுக்கு வருகிறேன். அவர் பெயர் தெஸ்பினா. எண்பது வயதைத் தாண்டியவர். பாமர்ஸ் கிரீன் பக்கம் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். அவர் பிறந்தது இன்றைய துருக்கியின் நடுவே, கப்படோக்கியா என்ற உள்நாட்டுப் பகுதியில். அப்போது அது சுல்தானின் பேரரசு. அங்கே கிரேக்கச் சமூகம் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தவர்களில் இந்த ஊரில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். எங்களைத் தேடிச் சொல்லி அனுப்பியதும் அவரேதான். இருதயம் பலவீனமாகிவிட்டது, நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் சாகக்கூடாது என்று தேவாலயத்து ஆள் மூலம் செய்தி வந்தது. என்ன விஷயம் என்பதை அந்த ஆளிடமும் சொல்லவில்லை.

கேள்வி கேட்கப் போனவர் எலேனி. எங்கள் பிரிவில் பகுதிநேரம் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் கிரேக்கப் பிள்ளைகளுக்கு மொழி படிப்பிக்கும் ஆசிரியை. என் வயதுதான் இருக்கும். எழுபத்து நாலாம் ஆண்டு துருக்கிப் படை வந்து இறங்கிய சண்டையில் சைப்பிரஸின் வடபகுதியில் இருந்த வீட்டை விட்டு ஓடிவந்த குடும்பம். நேராக நிமிர்ந்து உட்காருவார், உச்சரிப்பில் ஒரு பிசகு வராது. கிரேக்கம் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பதிவு நடக்கும்போது நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, குரல் ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் பார்ப்பேன். என்ன பேசினார்கள் என்பதை வரும் வழியில் எலேனி எனக்குச் சொல்லுவார். அவர்கள் சொன்னவற்றை என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன், வேறு தமிழ் என் வாயில் வராது.

முதல்நாள் போனபோது கந்தசஷ்டி விரதம். தெஸ்பினா அம்மா ஒரு தட்டத்தில் சின்னக் கிண்ணங்களில் சர்க்கரைப் பாணியில் ஊறிய பழம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி, பக்கத்தில் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு தட்டித் தடவி வந்தார். அவருடைய இரண்டு கண்களிலும் புரை. வந்தவர் அந்த இனிப்பில் ஒரு கரண்டி வாயில் போடாமல் அந்த வீட்டில் எந்தக் கதையும் தொடங்காது, அது அவர்கள் வழக்கம். நான் வேண்டாம் என்றேன். எலேனி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும். விரதம் என்று சொல்லச் சொன்னேன். தெஸ்பினா அம்மா கேட்டுவிட்டு, இயேசு பிறந்த நத்தாருக்கு முன்னர் எங்களுக்கும் விரதம் இருக்கிறது என்றார். என் கிண்ணத்தை ஒரு சாசரால் மூடி, விரதம் முடிய வா, இது உனக்கு என்று எடுத்து வைத்தார்.  லண்டனில் அதுவரை யாரும் என் விரதத்துக்கு மதிப்பு வைத்ததில்லை.

ஆனால் பதிவு நடக்கவில்லை. எலேனி ஒரு கேள்வி கேட்பார். கிழவி இரண்டு வசனம் சொல்லிவிட்டு நிறுத்துவார். எலேனி சட்டப்படி மௌனமாகத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் புரை விழுந்த கண்ணுக்குத் தெரியாது. "இருக்கிறியளோ?" என்று கிழவி கேட்பார். எலேனி தலையாட்டுவார். கிழவி கைக்குட்டையை மடிப்பார், விரிப்பார். நாடாவின் ஒரு பக்கம் முழுக்க மௌனமும் கைக்குட்டையும்தான். திருமதி ஹார்டிங் அதைக் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். பென்சிலைச் சீவினார். இன்னொரு முறை போங்கள் என்றார்.

இரண்டாம் முறை போவதற்கு முதல்நாள் மாலை சரோஜாவோடு இதே ம் விஷயத்தில் பெரிய வாக்குவாதம். அவள் தம்பி ஊரிலிருந்து எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தபோது கண் நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு சாப்பாடு முடியும்வரை நான் ஒவ்வொரு வசனத்துக்கும் ம், ம் என்று கொட்டினேன். மறுநாளும் என் வாய் அந்த நடையிலேயே இருந்தது போலும். தெஸ்பினா அம்மா எடுத்துவைத்த இனிப்பைச் சாப்பிட்டு, தண்ணீரைக் குடித்து, ஹெட்போனைப் போட்டேன். கிழவி ஒரு நீண்ட வசனம் சொன்னார். அதன் முடிவில் குரல் மெல்லக் கீழிறங்கி நின்றது. எங்கள் ஊரில் கதை சொல்லும் பெண்களின் குரல் அப்படித்தான் இறங்கி நிற்கும்.

"ம்" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எலேனி திடுக்கிட்டுத் திரும்பினார். கிழவியின் முகமும் என் பக்கம் திரும்பியது. இவருக்குக் கிரேக்கம் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் எலேனி. பிறகெதற்கு ம் சொல்கிறார்? எலேனி அதை ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். எங்கள் ஊரில் கதை சொல்கிறவருக்கு யாராவது ம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் கேட்கிறவர் நித்திரையாகிவிட்டார் என்று நினைத்துக் கதையை நிறுத்திவிடுவார்கள் என்றேன். கேட்டதும் கிழவி சிரித்தார். சோபாவில் தன் பக்கத்தில் தட்டி என்னை அங்கே வந்து இருக்கச் சொன்னார்.

"டீச்சர் முன்னாலை இருந்தால் எனக்குப் பிழை விட்டிடுவன் எண்டு பயமாக் கிடக்கு. இந்தப் பிள்ளைக்குக் கிரேக்கம் தெரியாது. நான் இவரிட்டைச் சொல்லுறன், நீ பக்கத்திலை இருந்து கேள்."

எலேனிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கிழவி என்னிடம் பேசினார், நான் ம் கொட்டினேன். எங்கே கொட்ட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு தடுமாற்றமும் வரவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

அன்று அவர் சொன்னது பள்ளிக்கூடத்தின் கதை. தேவாலயத்துக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய மாடிக் கட்டடம். கீழே ஆண்பிள்ளைகள், மேலே பெண்பிள்ளைகள். சுல்தானின் ஆட்சியில் ஒவ்வொரு மதச் சமூகமும் தன் பள்ளிக்கூடத்தைத் தானே நடத்திக்கொள்ளலாம், அரசாங்கம் ஒரு சதமும் தராது. ஊர் ஆண்கள் எல்லாரும் இஸ்தான்புல் நகரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் கூரையும், பிள்ளைகள் அமரும் வாங்குகளும், ஆசிரியரின் சம்பளமும் அவர்கள் அனுப்பிய பணத்தில்தான். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஆசிரியரைத் தெரிவுசெய்வார்கள். இடைக்கிடை அரசாங்கப் பரிசோதகர் வந்து, துருக்கி மொழிப் பாடம் நடக்கிறதா என்று பார்ப்பார். அவர் வரும் நாளில் மட்டும் அந்தப் பாடம் நடக்கும். இந்த இடத்தை எலேனி சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். வெளியூர்ப் பணத்தில் நிற்கும் பள்ளிக்கூடமும் பரிசோதகருக்குக் காட்டும் பாடமும் எனக்குப் புதிதா என்ன?

ஆனால் கிழவி சொன்ன இன்னொன்றைச் சொல்ல எலேனி தயங்கினார். அந்த ஊர்க் கிரேக்கருக்கு வீட்டு மொழி கிரேக்கம் இல்லை. எத்தனையோ தலைமுறையாக அவர்கள் வீட்டில் பேசியது துருக்கி மொழி. தாலாட்டும் அதில்தான், ஜெபமும் அதில்தான். கிரேக்கத்தைத் திருப்பிக் கொண்டுவரவே அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டினார்கள். பள்ளிக்கூட வாசல் படலைக்குள் கால் வைத்தால் துருக்கி மொழியில் ஒரு சொல் பேசக்கூடாது. அந்த இடத்தில் கிழவிக்கு மூச்சு வாங்கியது. மிச்சம் அடுத்தமுறை என்று சொல்லிவிட்டார். சொல்ல வேண்டிய விஷயம் இன்னும் வரவில்லை.

கிரீன் லேன்ஸ் வழியாக பஸ் போய்க்கொண்டிருந்தது. எலேனி கண்ணாடிக்கு வெளியே துருக்கிக் கடைகளைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தானாகவே சொன்னார். சைப்பிரஸில் எங்கள் தெருவில் பாதிப்பேர் துருக்கியர், அந்த மொழி எனக்கு நல்லாய்த் தெரியும், எழுபத்து நாலுக்குப் பிறகு ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை, கடையில் யாராவது பேசினால்கூட வெளியே வந்துவிடுவேன் என்றார். எனக்கும் அப்படி ஒரு மொழி இருக்கிறது என்றேன். அவர் என்ன மொழி என்று கேட்டார். சொன்னேன். 

இரண்டாவது நாடாவைத் திருமதி ஹார்டிங் கேட்டார். ஒவ்வொரு ம்முக்கும் அவர் புருவம் கொஞ்சம் அசைந்தது. பென்சில் வழமையைவிட அதிக நேரம் சீவப்பட்டது. நாடாவைத் திருப்பவில்லை. நானே விளக்கத் தொடங்கினேன், கையால் நிறுத்தினார். பதிவு கெட்டுப்போய்விட்டது, கதை வந்துவிட்டது, அடுத்தமுறையும் நீங்களே பக்கத்தில் உட்காருங்கள் என்றார். நான் கதவடிக்குப் போனபோது, மைக்கை மட்டும் உங்கள் வாயிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றார். அவரிடமிருந்து நான் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான்.

மூன்றாவது முறைக்கு நாள் குறித்த பிறகு தெஸ்பினா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. எலேனி தினமும் போன் எடுத்துக் கேட்டார். நான் நாடாவை ரெக்கோடரில் போட்டபடியே வைத்திருந்தேன். சொல்ல நினைத்ததை நெஞ்சில் வைத்துக்கொண்டே ஒருவர் போய்விடுவதைப் போல அநியாயம் வேறு இல்லை என்று அந்த நாட்களில் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக அவரை வீட்டுக்கு விட்டார்கள். அன்றே வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

இந்தமுறை அவர் படுக்கையில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். குரல் மெலிந்துபோயிருந்தது. இனிப்பை எலேனியே சமையல் குசினியிலிருந்து எடுத்து வந்தார். நான் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து ம் கொட்டினேன். கிழவி சொன்னது இதுதான். அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, எலேனி பிறகு சொன்னதை முன்னுக்குக் கொண்டுவந்து எழுதுகிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கயிறு கட்டிய ஒரு மரத்துண்டு இருந்தது. யார் துருக்கி மொழியில் பேசிப் பிடிபட்டாலும் அதை அவர் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். போட்டிருக்கிற பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு திரியும். வேறு யாராவது அந்த மொழியில் ஒரு சொல் பேசினால் உடனே கழற்றி அந்தப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிடலாம். அந்தி மணி அடிக்கும்போது அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குத்தான் அடி. வாத்தியார் மெல்லிய மேலங்கி போட்ட இளைஞர். அடித்த பிறகு அவர் கண் கலங்கும் என்று கிழவி சொன்னார்.

பெரிய யுத்தம் தொடங்கிய காலம். ஒருநாள் இடைவேளையில் அரச காவலர்கள் வாத்தியாரைப் பட்டாளத்து வேலைக்குப் பிடித்துப்போக வந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் சுவரோடு ஒட்டி நின்றன. தெஸ்பினாவின் தம்பி, முதலாம் வகுப்புப் பிள்ளை, வீரிட்டு அழுதான். அழாதே, அக்கா இருக்கிறேன் என்று அவள் வீட்டு மொழியில் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் கழுத்தில் மரத்துண்டு இருந்தது. காவலர்கள் முன்னால் நிற்க, அந்தப் பெண் அதைக் கழற்றி இவள் கழுத்தில் மாட்டினாள். பிள்ளைகளுக்குச் சட்டம் சட்டம்தான். வாத்தியார் படலையடியில் திரும்பிப் பார்த்தார். இவள் கழுத்தைக் கண்டார். நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடமும் பிறகு திறக்கவில்லை. சில வருடங்களில் கிரேக்கர் என்று சொல்லி அந்த ஊர்ச் சனத்தையே கிரேக்க தேசத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போனால், துருக்கி பேசுகிற துருக்கி விதைகள் என்று தெருவில் கல்லெறிந்தார்கள். அதன்பிறகு அவர் வெளியில் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டார். கலியாணம் முடித்து, சைப்பிரஸ்காரக் கணவரோடு லண்டனுக்கு வந்து, தையல் வேலை செய்து, கணவரையும் அடக்கம் செய்தாயிற்று. இதைச் சொல்லத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

"மரத்துண்டைக் கிரேக்கத்துக்கு வாற வழியிலை அம்மா அடுப்பிலை வைச்சு எரிச்சிட்டா. ஆனால் கழுத்தை விட்டு அது போகேல்லை. பாதர் சொன்னார், அது பாவமில்லையாம். பாவமில்லை எண்டு எனக்கும் தெரியும். அது சட்டம். பேசக்கூடாத ஆரும் அந்த மொழியைப் பேசி வாங்கினால்தான் நான் கழட்டலாம்."

நான் ம் என்றேன். எலேனி மட்டும் அசையாமல் இருந்தார்.

கிழவி களைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாடா ஓடிக்கொண்டிருந்தது. எலேனி நிறுத்தச் சொல்லிக் கைகாட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அப்போதுதான் ஹெட்போனில் எலேனியின் குரல் வந்தது. மிகவும் சின்னக் குரல். அது கிரேக்கம் இல்லை. ஒரு மொழி தெரியாமலே அதை மணிக்கணக்காகக் கேட்டவனுக்கு, அது இல்லாத ஒன்று உடனே தெரிந்துவிடும். ஓசை வேறாக இருந்தது. குரலும் ஒரு சிறுமியின் குரலாகிவிட்டது. என்ன சொன்னார் என்பதைப் பிறகு கேட்டேன். சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் துருக்கிப் பிள்ளையை ஒவ்வொரு நாளும் வேலியடியில் நின்று கூப்பிடும் வசனமாம்.

"வெளியிலை வா, விளையாடுவம்."

தெஸ்பினா அம்மாவின் கண் திறந்தது.  பிறகு இரண்டு கைகளையும் மெல்லத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனார். இல்லாத கயிற்றைப் பிடித்து, தலைமுடியில் சிக்காமல் தூக்கிக் கழற்றினார். காற்றில் தடவித் தடவி எலேனியின் தலையைத் தேடினார். எலேனி முழங்காலில் நின்று கழுத்தைக் குனிந்தார். இது எதுவும் நாடாவில் இல்லை. அந்தத் துருக்கி வசனத்துக்குப் பிறகு நாடாவில் இருப்பது கட்டில் கிறீச்சிட்ட ஒரு சத்தமும், கடைசியில் கிழவி சொன்ன ஒரு வசனமும்தான்.

"நாளைக்கு வேறை ஆரிட்டையும் குடுத்திடு பிள்ளை, வைச்சிருக்காதை."

நான் அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை. ஒன்றும் விளங்காமலே அழுதேன். சாவியைக்கூட ஃபிரிட்ஜிலிருந்து எலேனிதான் எடுத்துத் தந்தார். வாரம் ஒன்று கழிந்து தெஸ்பினா அம்மா நித்திரையில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

அந்தக் கடைசிப் பதிவு முடிந்து வரும்போது பஸ்ஸில் எலேனி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உங்களுடைய அந்த மொழியில் ஒரு வசனம் சொல்லுங்கள் என்றார். மரத்துண்டு என் கழுத்துக்கு வரப்போகிறது என்று எனக்குப் புரிந்தது. கடைக்கு வருகிறவர்களைக் கேட்பேனே, தேத்தண்ணி குடித்தாயிற்றா என்று, அந்த வசனத்தைத்தான் நினைத்தேன். சிங்களத்தில் அது எனக்கு முழுதாகத் தெரிந்திருந்தது. நாக்கின் அடிவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. கடை எரிந்த மணம்தான் வந்தது. என்னால் ஏலாது என்றேன். அவசரமில்லை, நான் வைத்திருக்கிறேன் என்றார் எலேனி.

வருடங்கள் போயின. பிரிவை மூடினார்கள், வேறு பெயரில் திறந்தார்கள். திருமதி ஹார்டிங் ஓய்வு பெற்று ஊர்ப்புறம் போனார். எலேனி முழுநேர ஆசிரியையாகிவிட்டார். ஆனால் நத்தாருக்கும் எங்கள் புதுவருடத்துக்கும் போன் எடுப்பார். மரத்துண்டைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. கோலியர்ஸ் வூட் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வயதான பெண் நின்றுகொண்டிருந்தார். சேலைக்கு மேல் யாரோ கொடுத்த பெரிய குளிர்ச்சட்டை. போகிற வருகிற எல்லாரையும் மறித்து ஏதோ கேட்டார், எல்லாரும் கையை விரித்துவிட்டுப் போனார்கள். கிட்டப் போனபோது சிங்களம் என்று தெரிந்தது. மருமகளை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், மகனைத் தவறவிட்டுவிட்டேன், எந்தப் பக்கம் போவது என்று சுவரிடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கடந்து நாலடி போய்விட்டேன். நின்றேன். திரும்பி வந்தேன்.

"பயப்படாதீர்கள் அம்மா, நான் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றேன், சிங்களத்தில். என் வாய்தான் சொன்னது. அந்த அம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போகும் வழியெல்லாம் பேசினார். நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எங்கே இருந்தன இவ்வளவு நாளும் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை மகனிடம் விட்டுவிட்டு, வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து எலேனிக்குப் போன் எடுத்தேன். பேசிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். எதை என்று அவர் கேட்கவில்லை. 

"அப்ப கழுத்தைக் குனியுங்கோ" என்றார் எலேனி.

என்ன விசயம், ஏன் வேலைக்குப் போகேல்லை என்று அடுப்பு முன்னால் நின்றபடி சரோஜா கேட்டாள். போனைக் காதில் வைத்தபடி, குசினி நடுவில் நின்று, நான் கழுத்தைக் குனிந்தேன்.